ருத்தார் வீட்டு ஸால்காவின் வாய்

ருத்தார் வீட்டு ஸால்காவுக்கு வாய் ஜாஸ்தி என்பது எங்கள் ஊர் ரோவ்னாவில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அவள் நடத்தும் விடுதியில் ஒரு பீரைக் கேட்டுவிட்டு, "என்ன ஸால்கா, சௌக்கியமா?" என்றும் கேட்டுத் தொலைத்தால் போச்சு. நுரை அடங்கி, பீர் சூடாகி, குடிக்கவே லாயக்கில்லாமல் போகும். அவள் நிறுத்த மாட்டாள். அப்படிப்பட்டவளைப் பேச்சு நின்றுபோன ஊமை என்று ஒருத்தன் ஜெர்மனில் நாவல் எழுதி, அதற்கு வியன்னாவில் பரிசும் வாங்கிவிட்டான் என்றால் அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது! எழுதியவன் எவனோ வழிப்போக்கனும் இல்லை. கூடப் பிறந்த தம்பி தோனெய்.

அவன் அப்படி ஏன் எழுதினான் என்பதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பள்ளத்தாக்கின் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். கரவாங்கென் மலைக்கு இந்தப் பக்கம், ஆஸ்திரியாவின் தெற்கு ஓரத்தில் இருக்கிற எங்களுக்கு ஆளுக்கு இரண்டு பெயர். ஒன்று அரசாங்கத் தாளில் இருப்பது. மற்றது வீட்டுப் பெயர். கூப்பிடுவது, ஏசுவது, செத்தால் அழுவது எல்லாம் வீட்டுப் பெயரை வைத்துத்தான். வீடு யார் கைக்கு மாறினாலும் பெயர் மாறாது; குடிவந்தவன்தான் மாறுவான். ஸால்காவைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த ஷிமெய், வாசல்படியில் கால் வைத்த அன்றைக்கே ருத்தார் ஆகிவிட்டான். அவனுடைய சொந்தக் குடும்பப் பெயரைக் கேட்டால் அவனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான். கல்யாணத்தில் ஸால்காவின் தாள் பெயரும் மாறியது. அதனால் தபால்காரரைத் தவிர யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

ஸால்கா பிறந்ததும் அந்த விடுதியில்தான். அம்மா சமையலறையில், அப்பா பக்கத்து மர அறுவை ஆலையில் கூலிக்கு. வீட்டுக்குள் எங்கள் தாய்மொழியான ஸ்லோவேன், முன்கூடத்தில் வருகிறவனைப் பொறுத்து ஸ்லோவேனோ ஜெர்மனோ. ஐந்து வயதுக்குள் அவளுக்கு இரண்டு மொழியிலும் விலை சொல்லவும் தெரியும், கெட்ட வார்த்தை சொல்லவும் தெரியும். எது எந்த மொழி என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டும் சேர்ந்துதான் அவள் வாய்.

அவளுக்கு ஒன்பது வயதாகும்போது பள்ளிக்கூடத்தில் விதி மாறியது. அதுவரை எல்லாப் பிள்ளைகளும் இரண்டு மொழியும் படித்தார்கள். இனிமேல் ஸ்லோவேன் வேண்டுமென்றால் தகப்பன் போய்த் தனியாகக் கேட்க வேண்டுமாம். ஆலை முதலாளி எங்கள் ஊர் விடுதியிலேயே உட்கார்ந்து, "யாரு கேக்குறீங்கன்னு நானும் பாக்குறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஸால்காவின் அப்பா கேட்கவில்லை. கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த மனிதரைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? அடுப்பு எரிய வேண்டுமே.

புதிதாக ஒரு வாத்தியார் வந்தார். பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்கிற பள்ளிக்கூடம் அது. முதல் நாளே சொன்னார்:

"வீட்ல பேசுறத வீட்லயே விட்டுட்டு வரணும். சேத்துச் செருப்ப வாசல்ல கழட்டிப் போடுறீங்கல்ல, அது மாதிரி. இங்க ஜெர்மன் மட்டும்தான். புரிஞ்சுதா?"

எல்லாப் பிள்ளைகளும் புரிந்தது என்று ஜெர்மனில் சொன்னார்கள். ஸால்கா சொல்லவில்லை. மறுபடி கேட்டார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு மூடிய வாயை அந்த வருஷம் முழுக்க அந்த அறைக்குள் அவள் திறக்கவில்லை.

முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னாள்:

"அவருக்கு என் வாய்ல பாதிதான் வேணுமாம். மீதிப் பாதியும் கெடையாது போங்கன்னு முடிவு பண்ணிட்டேன்."

"அடி பின்னிடுவார்டி."

"பின்னட்டும்."

பின்னினார். கையை நீட்டச் சொல்லி அளவுகோலால் அடித்தார். கரும்பலகையில் கணக்குப் போடச் சொன்னால் போடுவாள், எழுதச் சொன்னால் ஜெர்மனில் தப்பில்லாமல் எழுதுவாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டியதும் தொடங்கும் பாருங்கள், அணை உடைந்த மாதிரி. வீடு வந்து சேரும் வரை மூச்சு விடாமல் பேசுவாள். கூட வருகிற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

ஒரு நாள் வாத்தியார் தோனெயை எழுப்பினார். அவனுக்கு ஏழு வயது, அதே அறையில் முன் பெஞ்சு.

"உங்க அக்காவுக்கு என்னடா கேடு?"

அவன் அக்காவைப் பார்த்தான், அளவுகோலைப் பார்த்தான். "அவளுக்குப் பேச வராது சார். பொறந்ததுலேர்ந்தே" என்றான். அழகான ஜெர்மனில் சொன்னான். வாத்தியார் அவன் தலையைத் தடவிக்கொடுத்து, கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஸால்காவைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். திரும்பி வரும் வழியில் ஸால்கா அவனைப் பனியில் தள்ளி மொத்தினாள். அவன் அழுதுகொண்டே, "எனக்குப் பயமா இருந்துச்சுக்கா" என்றான். அவள் அவனைத் தூக்கிவிட்டு, மூக்கைத் துடைத்து, மீதி வழியெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஏழு வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும் என்று அதை அங்கேயே விட்டுவிட்டாள்.

அந்த வருஷம் அவளை அதே வகுப்பில் நிறுத்திவைத்தார்கள். ஊமைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு அனுப்பலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. டாக்டர் ஒருவர் வந்து தொண்டைக்குள் கரண்டியை விட்டுப் பார்த்தார்; அவர் விரலைக் கடித்துவைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. அடுத்த வருஷம் அந்த வாத்தியார் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு வந்த கிழவர் முதல் நாள் காலை உள்ளே நுழையும்போது இரண்டு மொழியிலும் வணக்கம் சொன்னார். கடைசி பெஞ்சிலிருந்து ஸால்கா இரண்டு மொழியிலும் பதில் வணக்கம் சொன்னாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்த அந்தக் கிழவராலும் முடியவில்லை, கடவுளாலும் முடியவில்லை.

வளர்ந்தாள், ஷிமெயைக் கட்டிக்கொண்டாள், விடுதியைக் கையில் எடுத்தாள். எங்கள் பக்கத்தில் இரண்டு மொழியில் அரசாங்கம் நட்ட ஊர்ப் பெயர்ப் பலகைகளை, ஸ்லோவேன் கூடாது என்று கும்பல் கும்பலாக வந்து பிடுங்கிப் போன அந்த இலையுதிர் காலத்தில் அவள் கைப்பிள்ளைக்காரி. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. மறுநாள் காலையில் ஸால்கா விடுதி வாசலில் சாப்பாட்டு விவரம் எழுதும் கரும்பலகையை எடுத்து, மேலே ஸ்லோவேனில் பெரிதாகவும் கீழே ஜெர்மனில் சின்னதாகவும் எழுதி மாட்டினாள். அதற்கு முன்னால் அது தலைகீழாகத்தான் இருந்தது.

முதலில் வந்து நின்றவன் எர்வின். ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவன், மெஷ்னார் வீட்டுக்காரன். அவன் அம்மா சாகிற வரைக்கும் ஸ்லோவேனில்தான் ஜெபமாலை சொன்னாள். ஆனால் எர்வினுக்கு மட்டும் அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதாம்! அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான், நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"என்ன ஸால்கா இது? ஜெர்மன் கீழ கெடக்கு?"

"பசிக்கிறவன் குனிஞ்சு படிப்பான்."

"மேல எழுதினத அழி."

"உனக்குத்தான் அது புரியாதுங்கறியே எர்வின். புரியாதது உன்ன என்ன பண்ணுது?"

எர்வினுக்குக் காது சிவந்துபோயிற்று. காறித் துப்பிவிட்டுப் போனான். சாயங்காலம் பீர் குடிக்க வந்தான், வேறு எங்கே போவான்? ஊரில் இருப்பதே ஒரு விடுதி. யாரோ அவ்வப்போது அந்தப் பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போவார்கள். அவள் மறுபடி எழுதுவாள், முன்னைவிடப் பெரிதாக. இப்படியே எர்வினுக்கும் அவளுக்கும் தலை நரைத்தது.

தோனெய் கதை வேறு. பத்து வயதில் நகரத்து விடுதிப் பள்ளிக்குப் போனான், அங்கிருந்து வியன்னா. அங்கே அவன் தாளில் உள்ளபடி அன்டோன் ஓராஷே. ஜெர்மனில் எழுதினான், ஜெர்மனில் காதலித்தான், ஜெர்மனில் விவாகரத்தும் வாங்கினான். வருஷத்துக்கு ஒருமுறை கல்லறைத் திருநாளுக்கு வந்து அப்பா அம்மா கல்லறையில் செவ்வந்தி வைத்துவிட்டு, அக்கா கையால் க்ராப்பி சாப்பிட்டுவிட்டுப் போவான். பாலாடைக்கட்டியும் புதினாவும் உள்ளே வைத்து, ஓரத்தைக் கொழுக்கட்டை மாதிரி மடித்து வேகவைப்பதுதான் க்ராப்பி. அக்காவிடம் ஸ்லோவேனில்தான் பேசுவான். ஆனால் அவனுடைய ஸ்லோவேன் பத்து வயதோடு நின்றுவிட்டது. ரொட்டி கேட்கலாம், குளிருகிறது என்று சொல்லலாம். சண்டை போட முடியாது. மனசில் இருப்பதைச் சொல்லப் போனால் பாதியில் சொல் கிடைக்காமல் முழித்துவிட்டு ஜெர்மனுக்குத் தாவுவான். ஸால்கா அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல இன்னும் நாலு க்ராப்பியைத் தட்டில் தள்ளுவாள்.

அப்புறம்தான் அந்தப் புத்தகம் வந்தது. தலைப்பை நான் சொல்லப்போவதில்லை. ஸால்காவும் 'அந்தப் புத்தகம்' என்றுதான் சொல்வாள். அதில் ஒரு சிறுமி. பள்ளிக்கூடத்தில் ஒரு மொழியைப் பிடுங்கிவிடுகிறார்கள், இன்னொரு மொழி ஒட்ட மறுக்கிறது, நடுவில் விழுந்து ஊமையாகிப் போகிறாள். சாகிற வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்க்கிறாள். பத்திரிகைகள் எல்லாம் ஆகா ஓகோ என்றன. மொழியின் எல்லையை இதுவரை இவ்வளவு நுட்பமாக யாரும் தொட்டதில்லையாம்.

தோனெய் கெட்டிக்காரன், எல்லாவற்றையும் மாற்றியிருந்தான். ஊர்ப் பெயர், சிறுமி பெயர், அப்பாவின் தொழில், மலைகூட வேறு மலை. வீட்டுப் பெயரை மட்டும் மாற்றவில்லை. தாளில் இருப்பதுதான் பெயர் என்று வியன்னாவில் இத்தனை வருஷம் இருந்து பழகிவிட்டது அவனுக்கு. ருத்தார் என்பது அவன் காதில் வெறும் சத்தம், சின்ன வயது அடுப்பங்கரைச் சத்தம். நாவலின் முதல் வரியே இப்படித்தான் இருந்தது: 'ருத்தார் வீட்டுப் பெண்ணின் வாயில் ஒரு நாள் மொழி நின்றுபோயிற்று.' பள்ளத்தாக்கு முழுக்க அந்த ஒரு வரியோடு கதை முடிந்தது. வேறு ஆயிரம் பெயரை மாற்றி என்ன பிரயோசனம், மண்ணாங்கட்டி!

ஸால்கா அதைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்து முடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான் ஷிமெய்.

"அழகாத்தான் எழுதியிருக்கான் பாவி. எனக்கே அழுகை வந்துச்சு" என்றாள். பிறகு எழுந்து போய்க் கோழிக் கூண்டைக் கழுவினாள். அது நேற்றுத்தான் கழுவியது.

ஊமையைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வியன்னாவிலிருந்து, கிராட்ஸிலிருந்து, கையில் புத்தகத்தோடு. ஒரு அம்மாள் ஸால்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். ஒருத்தர் பீர் வேண்டும் என்று கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்ச் சைகை காட்டினார்.

"சின்னதா பெருசா?" என்று ஜெர்மனில் கேட்டாள் ஸால்கா. "தொண்டை கட்டிருந்தா இஞ்சி டீ போட்டுத் தரட்டுங்களா?"

அவர் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே! "நீங்க அவங்க தங்கச்சியா?" என்றார்.

"இல்லீங்க. நீங்க தேடி வந்த ஊமை நான்தான். உக்காருங்க."

முதலில் எல்லாரும் சேர்ந்து சிரித்தோம். ஸால்காவும் சிரித்தாள். ஆனால் நாளாக ஆக அவள் சிரிப்பு குறைந்தது. உள்ளூர்க்காரர்களே மாறத் தொடங்கினார்கள். பாட்டுக் குழுவுக்குப் புதிதாக வந்த பெண், "அந்தக் காலத்துல உங்கள மாதிரி நொறுங்கிப்போனவங்க நிறைய பேராமே" என்று பரிதாபமாகச் சொன்னாள். நொறுங்கிப்போனவள்! ஊரில் பெரியவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டிருந்த ஒரு வருஷத்தில், ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி மட்டும் தனியாக நின்று மாட்டேன் என்றாள். அவள் வாழ்க்கையில் முழுக்க முழுக்க அவளே செய்தது என்று இருந்தது அது ஒன்றுதான். அதைப் போய் வியாதியாக்கி வைத்துவிட்டானே தம்பி. இனி அவள் செத்த பிறகும் ருத்தார் வீடு என்றால் அந்த வியாதிதான் ஞாபகத்துக்கு வரும்.

பரிசு வாங்கிய எழுத்தாளரை அவர் சொந்த ஊரிலேயே வாசிக்க வைக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியது. ருத்தார் விடுதியின் பின்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும். தோனெய் முந்தின நாள் மத்தியானமே வந்துவிட்டான். ஸால்கா க்ராப்பி மடித்துக்கொண்டிருந்தாள். எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்:

"நாளைக்கு அத்தன பேர் முன்னாடியும் ஒண்ணு சொல்லணும் நீ. எங்க அக்காவுக்குப் பேச முடியாமப் போகல, அவதான் பேச மாட்டேன்னான்னு. ஜெர்மன்ல சொல்லணும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

"அக்கா, அது நாவல். அதுல வர்றது நீ இல்ல, ஒரு பாத்திரம்."

"பாத்திரத்துக்கு எதுக்குடா என் வீட்டுப் பேரு?"

"அந்தச் சத்தம் வேணும்னு தோணுச்சு..." என்றவன் சொல் கிடைக்காமல் நின்றான். பிறகு ஜெர்மனுக்குத் தாவினான். "பொண்ணு மாட்டேன்னு சொல்லியிருந்தா அங்க கதையே இல்லக்கா. முடியலங்கறதுலதான் புத்தகமே நிக்குது. நான் காட்ட நெனச்சது ஒரு இழப்ப."

"யாரோட இழப்ப?"

ஸால்கா மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பேச்சு நின்னுபோனது உனக்குடா. நம்ம அம்மா பாஷையில உனக்கு ரொட்டி கேக்க மட்டும்தான் வருது. சண்டைகூட வரல, பாரு. அது வலிக்குது உனக்கு. எனக்குத் தெரியும், நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். அந்த வலிய நீ எழுதியிருக்கலாம். ஏன் அதக் கொண்டாந்து என் வாய்ல வச்ச?"

தோனெயின் கண் சிவந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை, ருத்தார் வீட்டு ரத்தம்தானே அவனுக்கும்.

"என்னால சொல்ல முடியாதுக்கா. புத்தகத்தையே பொய்யின்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

"அப்ப நான் பேசுவேன்."

"பேசு. கை தட்டுவாங்க. என்ன அருமையான மனுஷின்னு எழுதுவாங்க. கடைசில அவ வாய் தெறந்துட்டா, நாவலே அவளக் குணமாக்கிடுச்சும்பாங்க. நீ ஜெர்மன்ல எதச் சொன்னாலும் அது என் புத்தகத்துக்குள்ளதான் போய் விழும்."

அவன் சொன்னது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. அதுதான் அவளை அதிகம் எரியவைத்தது. "தட்டுல போட்டது ஆறுது, தின்னு" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார இடமில்லை. முன்வரிசையில் வியன்னாக்காரர்கள், பின்னால் நாங்கள். கதவருகே எர்வின், தீயணைப்புச் சீருடையில், கூட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று. தோனெய் வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான், மூக்கு உறிஞ்சும் சத்தம் அங்கங்கே கேட்டது. நிகழ்ச்சியை நடத்த வந்த ரோஸ்விதா என்ற அம்மாள், மொழியின் எல்லைச் சுவரில் மோதி மௌனமான ஓர் ஆத்மா என்று ஏதேதோ பேசிவிட்டு, கேள்வி உண்டா என்றாள். மேஜைகளுக்கு நடுவில் தட்டு எடுத்துக்கொண்டிருந்த ஸால்கா, கையிலிருந்த தட்டுகளை ஷிமெயிடம் கொடுத்தாள்.

"கேள்வி இல்ல. சொல்றதுக்கு இருக்கு" என்றாள் ஸ்லோவேனில்.

ரோஸ்விதா அம்மாள் மலர்ந்துபோனாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, அதனாலேயே மலர்ச்சி. "மொழிபெயர்ப்பீர்களா?" என்று தோனெயைப் பார்த்தாள். எழுத்தாளர் எப்படி மாட்டேன் என்பார்? தலையாட்டினான். அப்போதுதான் அக்கா போட்ட கணக்கு அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும், முகம் வெளுத்தது.

ஸால்கா நிதானமாகச் சொன்னாள். "எனக்கு ரெண்டு பாஷையும் வந்துச்சு. வாத்தியார் ஒண்ணு போதும்னாரு. அப்ப ஒண்ணும் கெடையாதுன்னேன். என் வாய் நின்னுபோகல. நான் பூட்டினேன். எனக்கு முடிஞ்சுது, நான்தான் மாட்டேன்னேன்."

தோனெய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜெர்மனில் சொன்னான்: "அந்தக் காலம் கொடியது என்கிறார் என் அக்கா. இரண்டு மொழிகளுக்கு நடுவில் ஒரு குழந்தையால் பேச முடியாமல் போயிற்று என்கிறார்."

முன்வரிசை பெருமூச்சு விட்டது. பின்வரிசையில் எங்களுக்கு இரண்டும் தெரியுமே! "அடப்பாவி!" என்றான் டிராக்டர் ஓட்டும் ஃபோல்தெய்.

"அத நான் சொல்லல" என்றாள் ஸால்கா. "திருப்பிச் சொல்லு."

"என் அக்கா... அவரால் பேச இயலவில்லை, ஒருவேளை விரும்பவும் இல்லை..."

"ஒருவேளையெல்லாம் நான் சொல்லல. திருப்பிச் சொல்லு."

ரோஸ்விதா அம்மாள் இப்படியும் அப்படியும் பார்த்தாள். தோனெய் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "சூழ்நிலை அவரைப் பேச விடவில்லை..." என்று தொடங்கினான். அவ்வளவுதான், கதவருகிலிருந்து ஜெர்மனில் ஒரு குரல் இடி மாதிரி விழுந்தது.

"யோவ்! அவ அப்படிச் சொல்லவே இல்லய்யா! சூழ்நிலையாவது வெங்காயமாவது! முடிஞ்சுது, மாட்டேன்னேன்னு சொன்னா. சொன்னத ஒழுங்கா சொல்லித் தொலையேன்!"

எர்வின்! கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஸ்லோவேனில் ஒரு சொல்கூடத் தெரியாத எர்வின், வாயைத் திறந்தபடி நின்றான். தன் குரலைத் தானே அப்போதுதான் கேட்டவன் போல இருந்தது.

"எர்வின்," என்று மெதுவாகக் கேட்டான் ஃபோல்தெய், "உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"மொ... மொகத்தப் பாத்தா தெரியாதா?" என்றான் எர்வின்.

பின்வரிசை வெடித்தது. மேஜையைத் தட்டுகிறவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்களுமாக ஒரே ரகளை. இதில் என்ன சிரிப்பு என்று முன்வரிசைக்கு விளங்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். எர்வினுக்குக் காது மட்டும் இல்லை, கழுத்து வரை சிவப்பு. ஸால்கா மட்டும் சிரிக்கவில்லை.

"உக்காரு எர்வின். நல்லாத்தான் மொழிபெயர்த்த" என்றாள். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பிறகு அவள் தம்பி பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. "ஏழு வயசுல பயந்து சொன்ன, விட்டுட்டேன். இப்ப உனக்கு யார்டா அளவுகோல் காட்டுறது? சொல்லு."

தோனெய் கண்ணாடியைக் கழற்றினான். புத்தகத்தை மூடிவைத்தான். கூடம் தானாக அடங்கியது. அவன் ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்:

"என் அக்காவால் பேச முடிந்தது. இரண்டு மொழியிலும் முடிந்தது. அவள்தான் பேச மாட்டேன் என்றாள். முடியாது என்று சொன்னது நான். சின்ன வயதில் வாத்தியாரிடம் ஒருமுறை சொன்னேன். இந்தப் புத்தகத்தில் இரண்டாம் முறை சொல்லியிருக்கிறேன்."

யாரும் கை தட்டவில்லை. ஷிமெய் தட்டுகளைக் கீழே வைக்கவும் மறந்து அப்படியே நின்றான். ஸால்கா கண்ணை ஏப்ரன் முனையால் ஒற்றிக்கொண்டாள்.

ரோஸ்விதா அம்மாள்தான் முதலில் சுதாரித்தாள். எழுந்து, மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஸால்காவிடம் வந்தாள். அவள் கண்ணிலும் நீர் நின்றது.

"என்ன ஒரு தருணம் அம்மா! இதை நாங்கள் உங்கள் வாயாலேயே கேட்க ஆசைப்படுகிறோம். எங்களுக்காக ஒரே ஒருமுறை, ஜெர்மனில், நீங்களே சொல்ல முடியுமா?"

மைக் ஸால்காவின் உதட்டருகில் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள், அந்த அம்மாளைப் பார்த்தாள். பிறகு வியன்னா வானொலியில் செய்தி வாசிக்கிறவர்களே தோற்றுப்போகிற மாதிரி, சுத்தமான ஜெர்மனில் சொன்னாள்:

"முடியும். மாட்டேன்."